அலமாரிக்குப் பின்னால் இருந்த சுவர்

என் பெயரும் கதவு எண்ணும் முதல் தாளில் தனியே பதியப்பட்டுள்ளன. வயது நாற்பத்தெட்டு. கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கிறேன். கணவர் இறந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. விபத்து நடந்த கட்டிடத்தின் நான்காம் மாடியில், அதாவது மொட்டை மாடிக்கு நேர் கீழே, பத்தொன்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். யாரும் அழைத்து வரவில்லை. நானாகக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் என் வீட்டின் முன் அறைக்கும் உள் அறைக்கும் இடையே இருந்த செங்கல் சுவரை நானும் கணவரும் இடித்தோம். உள் அறையில் பகலிலும் விளக்குப் போட வேண்டியிருந்தது. வேறு காரணம் இல்லை. அனுமதி வாங்கவில்லை. ஒரு கொத்தனார் தளத்தைத் தாங்க இரும்பு உத்தரம் ஒன்று வைத்துக் கொடுத்தார். அக்கம்பக்கத்தாருக்குத் தெரியாமலிருக்க, செங்கற்களைக் காய்கறிப் பைகளில் போட்டுப் பதினொரு நாள் கீழே இறக்கினோம். என் தங்கையும் அவள் கணவரும் உதவினார்கள். கணவர் இறந்த பிறகு, சுவர் இருந்த இடத்தில் தரையிலிருந்து கூரைவரை உள்ள இரண்டு புத்தக அலமாரிகளை முதுகோடு முதுகாக நிறுத்தினேன்.

சென்ற ஆண்டு, நகரில் வீடு கிடைக்காதவர்கள் பெருகியதால், பழைய கட்டிடங்களின்மேல் மரத்தாலான மாடிகளைக் கட்ட அனுமதி தந்தார்கள். மரம் செங்கல்லைவிட எடை குறைவு என்பதால் அடித்தளத்தைத் தோண்ட வேண்டாம். கீழே இருப்பவர்கள் வீட்டைக் காலி செய்யவும் வேண்டாம். எங்கள் கட்டிடத்தின்மேல் இரண்டு மாடி, எட்டு வீடு என்று முடிவானது. குடியிருப்போர் கூட்டத்தில் இரண்டாம் மாடித் தையல்காரர், "நம்ம தலைமேல தீப்பெட்டி அடுக்கப் போறாங்க, இனி யாரும் பீடி பிடிக்காதீங்கப்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பழைய சுவர்களின் வலிமையைச் சோதித்த முடிவுகள் எங்கே என்று மூன்று கூட்டங்களில் எழுந்து கேட்டேன். குறிப்பேட்டில் அது பதிவாகியுள்ளது.

அதன் பிறகு குலுக்கலில் அந்த எட்டு வீடுகளில் ஒன்று என் தங்கைக்குக் கிடைத்தது. அவளும் கணவரும் இரண்டு மகள்களும் ஆறு ஆண்டுகளாக ஒரே அறையில் வாடகைக்கு இருக்கிறார்கள். அன்று மாலை வீட்டுக்கு வந்தவள் அலமாரியைப் பார்த்துவிட்டு, "அக்கா, அந்தச் சுவர் விஷயத்த வெளிய விட்டுடாத. வேலைய நிறுத்திடுவாங்க" என்றாள். அடுத்த கூட்டத்தில் நான் கேள்வி கேட்கவில்லை.

அதன் பிறகு கட்டுமான நிறுவனத்தின் மேற்பார்வையாளர் வீடு வீடாக அளவெடுக்க வந்தார். கழுத்தில் எந்நேரமும் அளவு டேப் தொங்குவதால் வேலையாட்கள் அவரை டேப் அண்ணன் என்கிறார்கள். மேலே மரச்சுவர் நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் கீழே செங்கல் சுவர் இருக்க வேண்டும் என்று விளக்கினார். மற்ற சுவர்களைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். அலமாரிகளுக்கு முன் நின்று, "எல்லாத்தையும் இறக்கினா உங்களுக்கு ஒரு வாரம் வேலை. பின்னால சுவர் இருக்குல்ல மேடம்?" என்று கேட்டார். சுவர் இருக்கிறது என்று சொன்னேன். அவர் குறித்துக்கொண்டு, தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

மரச்சுவர்கள் ஆலையில் அறுக்கப்பட்டு முழுப் பலகைகளாக லாரியில் வந்தன. கிரேன் தூக்கி வைக்க, தச்சர்கள் திருகாணி முடுக்கினார்கள். முதல் மர மாடி இருபது நாளில் எழுந்தது. கடந்த வெள்ளிக்கிழமை காலை மேல் தட்டிலிருந்த அகராதியை எடுக்கப் போனேன். இழுக்க வரவில்லை. அந்தத் தட்டிலிருந்த எந்தப் புத்தகமும் அசையவில்லை. கூரை அலமாரியின்மேல் உட்கார்ந்திருந்தது. தங்கைக்குத் தொலைபேசியில் சொன்னேன். "ஈரத்துல புத்தகம் ஊதியிருக்கும்க்கா" என்றாள்.

சுவர் இல்லை என்பதைச் சொல்லிவிடுவது என்று சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு மேலே ஏறிப் போனேன். மேற்பார்வையாளர் என்னைக் கண்டதும் தச்சர்களிடம், "எல்லாரும் ஒழுங்கா நில்லுங்கடா, பரீட்சை வைக்க வந்துட்டாங்க" என்றார். மூத்த தச்சர், "எங்கள ஃபெயில் மட்டும் ஆக்கிடாதீங்கம்மா" என்றார். இன்று எது ஏறுகிறது என்று கேட்டேன். இரண்டாம் மர மாடியின் நடுச்சுவர் என்றார் மேற்பார்வையாளர். தங்கைக்கு ஒதுக்கிய வீட்டின் கதவு எண்ணை அங்கே நிலைச்சட்டத்தில் சாக்கட்டியால் எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இறங்கி வந்தேன்.

பத்து மணிக்குச் சற்று முன் அலமாரியின் மேல் பலகை பிளந்தது. இரும்பு உத்தரம் வளைந்து கூரை நான்கு விரல் அளவு இறங்கியது. மேலே அப்போதுதான் நிறுத்திய சுவர் சாய்ந்து, அதன் அடியில் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்த மூத்த தச்சரின் இடுப்பில் விழுந்தது. அவர் இனி நடப்பாரா என்பதை மருத்துவர்கள் இன்னும் சொல்லவில்லை. சுவரைச் சரிபார்க்காமல் பொய்யாகக் குறித்தார் என்று மேற்பார்வையாளரை அன்று மாலை கைது செய்தார்கள். நேற்று தங்கை வந்தாள். மேற்பார்வையாளருக்காகக் காவல் நிலையத்துக்குப் போகப் போவதாகச் சொன்னேன். "உனக்கு நான் யாரு, அவர் யாரு?" என்று கேட்டாள். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இந்த வாக்குமூலம் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அப்போது இதை எழுதிய அதிகாரியிடம் ஒன்று சொன்னேன். மேற்பார்வையாளர் கேட்டபோது 'சுவர் இருக்கிறது' என்று நான் சொல்லவில்லை. "வரைபடத்துல இருக்குமே" என்றுதான் சொன்னேன். நாளை யாரும் கேட்டால் பொய் சொன்னதாக ஆகாது என்று அவர் படியேறி வருவதற்கு முன்பே அந்தச் சொற்களை யோசித்து வைத்திருந்தேன். "அப்போ அந்த வரிய மாத்தி எழுதட்டுமா மேடம்? உங்களுக்கு அது நல்லது" என்று அதிகாரி கேட்டார்.

வேண்டாம் என்றேன். அதிகாரி எழுதியபடியே இருக்கட்டும். இதில் உள்ளவை அனைத்தும், அந்த வரி உட்பட, உண்மை என்று ஏற்றுக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)