ஓடெஸ்ஸாவுக்கு என்ன எழுத்து?

இல்ல ஜட்ஜம்மா, சுத்தி வளைக்கல. அம்பத்திரண்டு வயசுத் தனி ஆளு எட்டு வயசுப் பொண்ண எதுக்குத் தத்தெடுக்கறேன்னு கேட்டீங்க. அதுக்குத்தான் பதில் சொல்லிட்டு வர்றேன். பதட்டத்துல வாய் ஓடுது. விமானத்துல ஆரம்பிச்சாதான் எனக்குக் கோர்வையா வரும்.

ராணுவ விமானத்துக்குப் பேர் கேட்டு விண்ணப்பம் வருமில்ல, அது விதிப்படி இருக்கான்னு சரிபாக்கறதுதாம்மா என் வேலை. இங்க டேட்டன்லதான், விமானப்படைத் தளத்துல. பேர்னா கழுகு, பருந்து இல்ல. எழுத்தும் நம்பரும். சண்டை போடறது எஃப், குண்டு போடறது பி, சரக்கு தூக்கறது சி. அப்புறம் எத்தனாவது வடிவம்னு நம்பர். பின்னால எதையாவது மாத்தினா கடைசி எழுத்து ஏயில இருந்து பி, பியில இருந்து சின்னு ஏறும்.

இந்தப் பொண்ணு ஓடெஸ்ஸாவ என் பராமரிப்புல விட்ட முதல் வாரம் அவ வாயே திறக்கல. என்ன பேசறதுன்னு தெரியாம இதச் சொல்லித் தொலைச்சேன். போச்சு! மறுநாள் வீட்டுல ஒண்ணு பாக்கி இல்ல. கூரை ஃபேன் எச்-1, ஹெலிகாப்டராம். பூனை ஏ-1ஏ, தாக்குதல் விமானம். அதுக்குக் கருத்தடை ஆபரேஷன் பண்ணிக் கொண்டுவந்தா, வாசல்லயே வா ஏ-1பின்னு வரவேற்பு. எதிர்வீட்டு ஹேவர்கேம்ப் அம்மா திரைய விலக்கி விலக்கிப் பாப்பாங்களா, அவங்க ஆர்-1. உளவு விமானம். ஆமாம்மா, அவங்களுக்கே தெரியும். கேக் குடுக்க வந்தப்ப இவளே சொல்லிட்டா. அடுத்த வாரம் புதுக் கண்ணாடி போடறேன், எழுத்த ஏத்திடுன்னுட்டுப் போனாங்க!

நானா? சி-1. ஸ்கூல் பை, ஸ்கேட்டிங் ஷூ, தூங்கிட்டா அவளையும் சேத்துத் தூக்கறேனே.

சிரிங்கம்மா, பரவால்ல.

சண்டையும் வந்துச்சு. அந்தக் கடைசி எழுத்துல ஐயும் ஓவும் வராது. ஒண்ணு, பூஜ்யம்னு தப்பாப் படிச்சிடுவாங்கன்னு விட்டுட்டாங்க. இதச் சொன்னதும் பான்கேக் தட்ட டக்குனு தள்ளிட்டா. ஓ என் பேரோட முதல் எழுத்தாச்சே, அப்ப நான் பூஜ்யமா? அய்யய்யோ, என் சர்வீஸ்ல ஒரு ஜெனரல்கூட என்னை இப்படி மடக்கினதில்ல. அடியே, ஓ பின்னாடிதான் வராது, முன்னாடி வரும், மேல இருந்து கவனிக்கற விமானத்துக்கு ஓதான்னு கெஞ்சறேன். நம்பணுமே! விமான மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போய்ப் பலகைய விரல் வச்சுக் காட்டின பிறகுதான் இறங்கி வந்தா. அன்னியில இருந்து அவ ஓ-1. நான் எத்தனை டோனட் சாப்பிடறேன்னு கவனிக்கறதுதான் அவ ராணுவப் பணி.

வர்றேன், விஷயத்துக்கு வர்றேன்.

எல்லாத்துக்கும் முன்னாடி இன்னொரு எழுத்து ஒட்டலாம், நிலைமையச் சொல்ல. ஜேன்னா தற்காலிகச் சோதனை. சோதனை முடிஞ்சதும் மாட்டினதக் கழட்டிப் பழையபடி ஆக்கிடுவாங்க. அத எங்கயோ படிச்சிட்டு, போன வாரம் வாயெல்லாம் பேஸ்ட் நுரையோட வந்து நிக்கறா. வென்டல், நான் இங்க தற்காலிகம்தான, அப்ப நான் ஜேஓ-1 தான? பொய் சொல்லக் கூடாதில்ல. நீங்க சொல்ற வரைக்கும் அது தற்காலிகந்தான். ஜட்ஜம்மாவையே கேப்போம்னேன்.

காலைல கார்ல வர்றப்ப அவளே ஒரு வழி கண்டுபிடிச்சிட்டா. என்-ன்னு ஒரு எழுத்து இருக்கு. பழைய நிலைக்குத் திருப்பவே முடியாத அளவுக்கு மாத்திப்புட்ட விமானம். அத அவளுக்குத்தான் கேக்கறான்னு நான் நினைக்கறேன், அவ சொல்றா, மக்கு, எனக்கு இல்ல, உனக்கு. எனக்கு ரெட்டைப் பின்னல் போட்டு விடறே, சிக்னல்ல நின்னுக்கிட்டுப் பாட்டுப் பாடறே, பூனைகிட்ட மன்னிப்புக் கேக்கறே. நான் போயிட்டா உன்னை யாரு கழட்டிப் பழையபடி மாட்டறதுன்னா.

யோசிச்சுப் பாத்தேம்மா. நான் என்சி-1. விதிப்படி சரியாத்தான் இருக்கு. மேலிட ஒப்புதல் மட்டுந்தான் பாக்கி.

உங்க பேனா எழுதலையா? இந்தாங்க, என்னோடது.