பதினொரு மணி வெயில்

நான் பனியைக் கண்ணால் பார்த்ததே இல்லை, சார். மார்கழியில் கீரமங்கலம் பூந்தோட்டங்களில் இறங்குமே, அந்தப் பனியைச் சொல்லவில்லை. மலையில் ஆள் உயரத்துக்குக் கிடக்குமே, அது. ஆனாலும் ஏப்ரல் மாதத்தில் இமயமலையில் எந்தச் சரிவில் எத்தனை மணிக்குப் பனி இளகும் என்று கேட்டால் இப்போதே சொல்வேன். ஒரு வேலையைக் கையில் எடுத்தால் முழுசாகச் செய்துவிட வேண்டும் எனக்கு. அரைகுறையாகச் செய்தால் அன்றைக்குத் தூக்கம் வராது.

ஏட்டையா எழுதிக்கொள்ள வசதியாக மெதுவாகவே சொல்கிறேன். பெயர் பெலிக்ஸ். வயது முப்பத்து நாலு. கீரமங்கலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆன்லைன் சென்டர் வைத்திருக்கிறேன். ரயில் டிக்கெட், விமான டிக்கெட், பாஸ்போர்ட், பான் கார்டு, ஜெராக்ஸ், லேமினேஷன். அதற்கு முன்னால் மூன்று வருஷம் பூனாவில் முறுக்குப் போட்டேன். இந்தி அங்கே கற்றுக்கொண்டதுதான். இந்த இந்தி பின்னால் வரும், அதனால் சொல்லி வைக்கிறேன்.

என் அக்கா ஷர்லி. புதுக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். எங்கள் அம்மா இன்னாசியம்மாள் இறந்தபோது எனக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பதினான்கு. அன்றைக்கு மறுநாள் காலையில் அடுப்பு மூட்டி உப்பில்லாத உப்புமா கிண்டிப் போட்டாள். நான் தட்டை வழித்துத் தின்றேன். அதிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒரு நாள்கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்ததில்லை, அந்தப் பூனா மூன்று வருஷம் தவிர. கல்யாணம் ஆன பிறகும் அவள் வீடு எங்கள் தெருவிலேயேதான். அதை நான் சொல்லித்தான் அமர்த்தினார்கள்.

மாப்பிள்ளை மரியசெல்வம். பூ மார்க்கெட்டில் கமிஷன் மண்டி வைத்திருந்தார். நல்ல மனுஷன். இதை நான் மறைக்கவில்லை. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. அவர்கள் மகள் சுடர்விழிக்கு என் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்தினார்கள். பிள்ளை வீறிட்டு அழுதபோது அவரும் ஒரு ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்படிப்பட்டவர்தான் என் அக்காவைக் கனடாவுக்குக் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தார்.

பிப்ரவரி முதல் வாரத்தில் விசா வந்தது. மே மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். அன்று சாயங்காலம் மச்சான் கடைக்கு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒரு யோசனை சொன்னார்.

"மாப்ள, அங்கிட்டு ஆறு மாசம் பனியாம். நான் இந்த ஊரு வெயில்ல வெந்தவன். போறதுக்கு முந்தி ஒரு தடவ நம்ம நாட்டுலயே பனியில நடந்து, அந்தக் கட்டைய மாட்டிக்கிட்டு வழுக்கிப் பழகிட்டு வந்துருவோமா? இங்க விழுந்தா யாருக்கும் தெரியாது. அங்க போயி விழுந்தா மானம் போயிரும்."

சிரித்தார். நானும் சிரித்தேன். மார்ச் முதல் வாரம் போகலாம் என்றார், அதுதான் பனிச்சறுக்குக்கு நல்ல பருவம் என்று யாரோ சொன்னார்களாம். நான் காலண்டரைப் பார்த்தேன். பிப்ரவரி பதினெட்டாம் தேதி திருநீற்றுப் புதன்.

"தவக்காலத்துல உல்லாசப் பயணமா மச்சான்? நாப்பது நாளும் கறிகூட எடுக்க மாட்டீங்க. சனம் என்ன பேசும்? ஈஸ்டர் முடியட்டும்."

அவர் உடனே தலையாட்டிவிட்டார். எங்கள் ஆட்களில் யாரும் அந்தப் பேச்சுக்கு மறுபேச்சு சொல்ல மாட்டார்கள். நான் கோயிலுக்குள் கால் வைத்து ஆறு வருஷம் ஆகிறது என்பது அவருக்கும் தெரியும். ஆனால் சரியானதை யார் சொன்னால் என்ன என்று நினைத்திருப்பார். அப்போது எனக்கும் வேறு எண்ணம் கிடையாது. இந்தப் பயணம் தள்ளிப் போனால் கனடா வேலையும் கூடவே தள்ளிப் போகும், அலுத்துப்போய் ஊரோடு இருந்துவிடுவார்கள் என்று மட்டும்தான் நினைத்தேன். அதை நீங்கள் நம்ப வேண்டும்.

பிறகு வேலையை ஆரம்பித்தேன். யாருக்கும் தெரியாத ஊர், பார்த்திராத மலை. ஒரு மாதம் உட்கார்ந்தேன். பத்துப் பன்னிரண்டு ஓட்டல்களுக்குப் போன் போட்டேன். கடைசியில் மலைக்கு மேலே கடைசி பஸ் நிற்கிற ஒரு சின்ன ஊரில் ரோஷன் லால் என்று ஒருவர் கிடைத்தார். எட்டு அறை வைத்திருந்தார். பனிச்சறுக்குக் கட்டைகளையும் அவரே வாடகைக்குக் கொடுப்பார். இந்தி தவிர வேறு எதுவும் பேச மாட்டார். மச்சானுக்கு இந்தியில் 'பானி' என்றால் தண்ணீர் என்பது மட்டும் தெரியும். ஆக, அந்த மலைக்கும் எங்கள் குடும்பத்துக்கும் நடுவில் நான் ஒருவன்தான் இருந்தேன்.

ரோஷன் லால் பொறுமையான ஆள். நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். பருவம் முடிகிற நேரம், ஓட்டலை ஒட்டிய சரிவில் புல் தெரிய ஆரம்பித்திருக்கும் என்றார். நல்ல பனி வேண்டுமானால் ஒரு ஓடைப் பள்ளம் வழியாக ஒன்றரை மணி நேரம் மேலே ஏற வேண்டும். அதற்கு ஆள் இல்லாமல் போகக்கூடாது. காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, ஏழு மணிக்குள் அந்தப் பள்ளத்தைத் தாண்டிவிட வேண்டும். திரும்பும்போது அந்த வழியே வரவே கூடாது, சுற்றுப்பாதையில் ஜீப் வரும். வெயில் ஏறி ஒன்பது மணிக்கு மேல் ஆனால் மேலே குவிந்திருக்கும் பனி கழன்று பள்ளத்துக்குள் இறங்கிவிடும். இதை மூன்று தடவை சொன்னார். மூன்றாம் தடவை, எழுதிக்கொண்டீர்களா பாய் என்று கேட்டார். எழுதிக்கொண்டேன் என்றேன்.

எழுதித்தான் வைத்திருந்தேன். அந்தத் தாளைத்தான் நான்கு நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நம்ம ஊரில் எப்படி, சார்? கண்மாயில் தண்ணீர் கிடக்கிறவரை சுற்றித்தான் போவோம். பங்குனி வெயிலில் சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்த பிறகுதான் குறுக்கே கால் வைப்போம். வெயில் அடித்தால் வழி திறக்கும். இது நமக்குச் சின்னப் பிள்ளையிலிருந்து கால் பழக்கம். அங்கே வெயில் அடித்தால் வழி மூடும். இந்த ஒரு வித்தியாசம் எனக்குத் தெரியும், மச்சானுக்குத் தெரியாது. நான் புதிதாக எதையும் கட்டிச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்ததை அப்படியே விட்டுவைத்தேன்.

பயணத் திட்டத்தைத் தமிழில் அழகாக டைப் செய்தேன். செவ்வாய் வந்து சேர்தல். புதன்கிழமை ஓட்டல் சரிவில், ரோஷன் லால் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுப்பார். வியாழக்கிழமை ரோஷன் லால் ஊரில் இருக்க மாட்டார், அவர் தங்கச்சி மகள் கல்யாணத்துக்குக் கீழே போகிறார். அவரே பேச்சுவாக்கில் சொன்னது. அதனால் வியாழக்கிழமைக்கு நேராக இப்படிப் போட்டேன்: 'மச்சான் மட்டும் மேல் சரிவு. ஓடைப் பள்ளம் வழியாக ஏறவும். வெயில் நன்றாக ஏறிய பின், பதினொரு மணிக்குக் கிளம்பவும். அதே வழியில் திரும்பவும். அக்கா, சுடர்: அறையில் ஓய்வு.' வியாழக்கிழமைக்கு ஆள் வேண்டாம், அன்று எல்லோரும் அறையில்தான் இருப்பார்கள் என்று ரோஷன் லாலிடம் சொல்லிவிட்டேன்.

தாளைக் கொடுத்தபோது மச்சான் ஒருமுறை கேட்டார்.

"ஏன் மாப்ள பதினோரு மணி? வெள்ளன போனா என்ன?"

"காலைல பனி கல்லு மாதிரி எறுகிக் கெடக்கும் மச்சான். வழுக்கிவிட்ரும். வெயில் ஏறுனா இளகும்."

"அதுவும் சரிதான். நம்ம கண்மாய் மாதிரி, வெயில் பட்டாத்தான் கால் வைக்கலாம்."

அவரே சொன்னார். நான் ஆமாம் என்றுகூடச் சொல்லவில்லை. தாளை வாங்கி லேமினேட் செய்து கொடுத்தேன், நனைந்தால் அழியக்கூடாதே என்று.

ஈஸ்டர் முடிந்து போனார்கள். வியாழக்கிழமை காலை பத்தரைக்கு மச்சான் போன் செய்தார். கடையில் ஒருவருக்கு ஆதார் முகவரி மாற்றிக்கொண்டிருந்தேன்.

"மாப்ள, வெயில் சுள்ளுன்னு அடிக்குது. கெளம்பட்டுமா? பாப்பாவும் வாரேன்னு அடம் புடிக்குது."

சார், உண்மையைச் சொல்கிறேன். போகாதீங்க என்று ஒரு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர் கைரேகை வைக்க விரலை நீட்டிக்கொண்டிருந்தார்.

"பாப்பாவ அக்காகிட்ட விட்டுட்டு நீங்க போயிட்டு வாங்க மச்சான்" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையால்தான் பிள்ளை பிழைத்தது. இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். "மச்சான் இன்னும் வரலடா தம்பி. கீழ இருக்குறவுங்க என்னமோ கத்துறாங்க, ஒன்னும் புரியல. நீ கேட்டுச் சொல்லு." போனை அங்கிருந்த ஒருவரிடம் கொடுத்தாள். அவர் இந்தியில் சொன்னதைக் கேட்டு, தமிழில் என் அக்காவுக்கு நானே சொன்னேன். மறுநாள் மதியம்தான் தோண்டி எடுத்தார்கள். சட்டைப் பையில் அந்தத் தாள் இருந்தது. லேமினேட் செய்ததால் ஒரு எழுத்துகூடக் கலையவில்லை.

குற்ற உணர்ச்சி இருக்கிறதா என்று சற்று முன் கேட்டீர்கள். இருக்கிறது. அவரை அடக்கம் செய்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மல்லிகை வாசம் ஒத்துக்கொள்வதில்லை, கீரமங்கலத்தில் அதை எப்படித் தவிர்ப்பது சொல்லுங்கள். அவருடைய மண்டி வழியாகப் போக முடியாமல் தினமும் சுற்றிக்கொண்டு கடைக்குப் போகிறேன். ஒருநாள் அங்கே வேலை பார்த்த ஆண்டிச்சாமி என்னை நிறுத்தி, "ஒடம்பப் பாத்துக்கங்க தம்பி, ஒங்களுக்கும் எம்புட்டு வேதனை" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

நாற்பதாம் நாள் பூசை முடிந்து வந்து அக்கா அந்தத் தாளை என் முன்னால் வைத்தாள்.

"பதினோரு மணின்னு யார்ரா சொன்னது?"

"ஓட்டல்காரருதான்க்கா" என்றேன்.

அதை அவள் புகாராக எழுதிக் கொடுத்தாள். நானே டைப் செய்து, இந்தியிலும் மொழிபெயர்த்து அனுப்பினேன். ரோஷன் லால் மேல் வழக்குப் போட்டார்கள். ஓட்டலைப் பூட்டிவிட்டார்கள். ஒருநாள் அவர் எனக்குப் போன் செய்தார். பாய், நான் காலை ஐந்து மணி என்றுதானே சொன்னேன், நீங்கள் எழுதிக்கொண்டீர்களே, அதை ஒருமுறை அவர்களிடம் சொல்லுங்கள், எனக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது என்றார். கோபமாகப் பேசியிருந்தால் பரவாயில்லை. கெஞ்சினார். நான் போனை மெதுவாக வைத்துவிட்டேன்.

அந்த மனிதருக்காகத்தான் இன்று இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். அவர் மேல் தப்பில்லை. ஐந்து மணி என்று அவர் சொல்லி நான் எழுதிய தாள் இதோ, மேசைமேல் வைக்கிறேன்.

கனடா என்ன ஆயிற்று என்கிறீர்களா? மச்சான் போன பிறகு அந்தப் பேச்சு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அழைத்துக்கொண்டு போகிற ஆளே இல்லையே. அக்காவும் ஐந்து மாதம் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நான் தினமும் அவள் வீட்டில்தான் சாப்பிட்டேன். அதாவது, தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். சுடரை நான்தான் பள்ளிக்கூடத்தில் விட்டேன். செப்டம்பரில் ஒருநாள் அவள் கடைக்கு வந்து, அதே ஸ்டூலில் உட்கார்ந்தாள். விசா தேதியை நீட்டித்து வாங்கியிருந்தாள். எனக்குத் தெரியாமல், புதுக்கோட்டையில் வேறு ஒரு கடையில் போய்ச் செய்திருக்கிறாள்.

"எனக்கும் பாப்பாவுக்கும் டிக்கெட் போடு" என்றாள்.

"மச்சான் இல்லாம நீ எதுக்குக்கா போற?"

"அவுகளா போகணும்னாக? அவுக பூவும் மண்டியுமாக் கெடந்த மனுசன். நான் கூப்பிட்டேன்னு வந்தாக."

அது எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். கனடாவுக்காக எழுதிய ஆங்கிலப் பரீட்சைக்கு அவளைப் பதிவு செய்தது நான். விண்ணப்பத்தில் முதல் பெயர் ஷர்லி. மரியசெல்வத்தின் பெயர் இரண்டாம் பக்கத்தில், உடன் வருபவர் என்ற கட்டத்தில் இருந்தது. இரண்டையும் டைப் செய்தவன் நான்தான். டைப் செய்கிறபோது எழுத்துப் பிழையைத்தான் பார்ப்போம், விஷயத்தைப் பார்ப்பதில்லை.

டிக்கெட் போட்டேன். திருச்சி விமான நிலையத்தில் உள்ளே போவதற்கு முன் கைப்பையைத் திறந்து, அந்த லேமினேட் செய்த தாளை என் கையில் கொடுத்தாள். "இது ஒன்னோடது. நீயே வச்சுக்க" என்றாள். தம்பி என்று சொல்லவில்லை. சுடர் திரும்பித் திரும்பிக் கையாட்டியது. அக்கா திரும்பவில்லை. பதினெட்டு நாளாக நான் போன் செய்தால் எடுப்பதில்லை.

முழுசாகச் சொல்லிவிட்டேன். மரியசெல்வத்தைக் கொன்றது நான். மலையின் மேல் பழி போட வேண்டாம், ரோஷன் லால் மேலும் வேண்டாம். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். கொலை வழக்கு என்றால் அவள்தானே முக்கியச் சாட்சி? நேரில் வந்துதானே சொல்ல வேண்டும், சார்? டிசம்பர் வேண்டாம், அங்கே பனி கொட்டும், விமானம் தாமதமாகும். பொங்கல் கழிந்து வைத்துக்கொண்டால் அவளுக்கும் சிரமம் இருக்காது. டொராண்டோவிலிருந்து திருச்சிக்கு ஒரே ஒரு இடத்தில் மாறுகிற மாதிரி டிக்கெட் பார்த்து வைத்திருக்கிறேன்.