பச்சை முளை

கோல்ஃப் பந்தை முதல் அடிக்கு நிறுத்திவைக்கும் முளையை மரத்தில் வாங்குவதே சிறந்தது. ஆட்டக்காரர்கள் அதை டீ என்பார்கள். நான் முளை என்றே சொல்லிப் பழகிவிட்டேன். மர முளை அடிபட்டால் ஒடியும், மண்ணில் மக்கும். மூங்கில் முளை சற்று உறுதியானது, நாராகப் பிளக்கும். கெட்டிப் பிளாஸ்டிக் முளையோ ஒடியாமல் புல்லுக்குள் கிடக்கும். புல்வெட்டும் இயந்திரத்தின் கத்தி அதன்மேல் பட்டால் சிதறித் தெறிக்கும். தாங்கள் விசாரணை அதிகாரி. இந்த ஆட்டத்தை அறியாதவராக இருக்கலாம். ஆகவே அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றபின் அந்தக் கோல்ஃப் சங்கத்தில் சேர்ந்தேன். பிளாஸ்டிக் முளையைத் தடைசெய்யுமாறு ஏழு கடிதங்கள் எழுதினேன். ஒன்றிலும் ஒற்றுப்பிழை கிடையாது. புல்வெட்டுபவரின் கண் போகும் என்று நான்காம் கடிதத்திலேயே குறிப்பிட்டிருக்கிறேன். ஏழாவதைச் செயலாளர் பொதுக்கூட்டத்தில் உரக்கப் படித்தார். அவர் என் பழைய மாணவர்.

“மர டீயா பிளாஸ்டிக் டீயான்னு சாரே முடிவு பண்ணட்டும். எனக்குச் சூடா ஒரு டீ சொல்லுங்கப்பா,” என்றார் பின்வரிசையில் ஒருவர்.

“சார், ஸ்கூல விட்டு வந்து எத்தனை வருஷமாச்சு? பிரம்பை இன்னும் கீழ வைக்கலையா?” என்றார் செயலாளர். கூடமே சிரித்தது.

சிரிக்காதவர் ஒருவர்தான்: வாசலில் நின்றிருந்த புல்வெட்டுபவர். மறுநாள் முதல் அவர் இயந்திரத்தை எடுக்குமுன் குனிந்து, கிடக்கும் முளைகளையெல்லாம் பொறுக்கி ஒரு டப்பாவில் போடத் தொடங்கினார். “ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்பார்.

அவருடைய கவனத்தால் ஒரு சிக்கல் ஏற்பட்டது. அவர் பொறுக்கும்வரை எதுவும் நேராது; எதுவும் நேராதவரை என் கடிதங்கள் வெறும் கேலிப்பொருள். பட்டால்தான் தெரியும் என்பார்கள். யாருக்குப் பட வேண்டும் என்பதைப் பழமொழி சொல்லவில்லை.

கெட்டிப் பிளாஸ்டிக் முளை கடையில் மூன்று நிறங்களில் இருந்தது. முதலில் வெள்ளையைப் போட்டேன், எடுத்துவிட்டார். மஞ்சளையும் எடுத்துவிட்டார். பிறகு ஒரு பிடி புல்லைக் கடைக்கே கொண்டுபோய், அதற்கு மிக நெருங்கிய பச்சையை வெயிலில் வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். அதையும் பத்து நாள் கண்டெடுத்தார். கூர்மையான கண்கள். பதினொன்றாம் நாள் காலை, கத்தி எட்டும் உயரத்தில், புல்லுக்குள் மறையும்படி நட்டேன்.

நட்டுவிட்டு எதிர்ப்பெஞ்சில் அமர்ந்தேன். அவர் வந்து குனிந்து தேடினார். முளைக்கு ஒரு சாண் தள்ளிக் கையை ஊன்றினார். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, “இன்னைக்கு ஒண்ணும் இல்லீங்கய்யா,” என்றார். நான் தலையசைத்தேன். இயந்திரம் கிளம்பியது. ஒரு வரிசை முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. முளை மூன்றாவதில் இருந்தது. கூப்பிட்டால் கேட்கும் தொலைவுதான். கூப்பிடவில்லை.

மருத்துவமனையில் அவருடைய மனைவி எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். கட்டிலில் கிடந்த புல்வெட்டுபவருக்கு வலக்கண்ணில் கட்டு.

“நீங்க தலைபாடா அடிச்சுக்கிட்டீங்கய்யா. யாரு கேட்டா? நானும் தினம் தேடித் தேடித்தான் பொறுக்கினேன். அன்னைக்கு எப்படித் தவறுச்சுன்னே தெரியல. என் பார்வைதான் மங்கிப்போச்சு போல.”

“உங்க பார்வையில ஒரு குறையும் இல்ல,” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

மறுவாரமே தடை வந்தது. இனி அங்கே எவர் கண்ணும் போகாது. அதில் எனக்கு நிறைவுதான். ஆனால் அறிவிப்புப் பலகையில் ‘எதிர்பாராத விபத்தை முன்னிட்டு’ என்று எழுதிவைத்திருக்கிறார்கள். நான்காம் கடிதத்தின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். தாங்களே படித்துப் பாருங்கள். இதற்காகவே தங்களிடம் வந்தேன்.

அந்த முளையை நட்டவன் நான். அந்த ஏழு கடிதங்களை எழுதியவனும் நானே. இரண்டாவதையாவது பலகையில் குறிப்பிடச் சொல்லுங்கள்.