தெருவிளக்குக்கு ஒரு தகர மூடி

மலைமேல் இருக்கும் வானாய்வுக்கூடத்திலிருந்து போளூருக்கு இறங்கிய பேருந்தில் எனக்கு முன்னால் மலைக்கிராமத்துப் பெண்கள் இருவர் இருந்தார்கள். அங்கே ஆபீசரைப் பார்க்க அவர்களுடன் வருவதாகச் சொன்ன வார்டு மெம்பர் வரவில்லை என்று பேச்சில் தெரிந்தது.

“ஆபீசர்கிட்ட இன்னாக்கா சொன்னே?”

“டெலஸ்கோப்புல நாட்டுக்கு நட்சத்திரம் தெரியணும், தெருவுல எங்களுக்குப் பாம்பு தெரியணும்னேன்.”

“கோச்சிக்கலையா?”

“சிரிச்சிட்டாருடி. தெருவிளக்கு வேணாம்னு அவங்க சொல்லவே இல்லியாம். வெளிச்சம் வானத்துக்குப் போவாம கீழ விழணும், மேல ஒரு தகர மூடி போட்டா போதும்னாரு.”

“விளக்கு போட விடமாட்டாங்கன்னு மெம்பரு சொன்னாரே! ரெண்டு வருசமா இருட்டுல நடந்தோமே!”

“அந்த டெலஸ்கோப்புக் கட்டடத்துக்கு எங்க மாமனாரு கல்லு சுமந்தாரு. நாட்டுக்காகன்னு சொல்லித்தான் கூப்ட்டாங்களாம். நாமளும் நாடுதானேடி, கேட்டா இன்னா?”

“அப்பாடா! இனிமே புள்ளைங்க ட்யூசன் போய்ட்டு வர்றப்ப பயமில்ல.”

போளூரில் இறங்கியதும் எதிரே இருந்த தகரக் கடையில் மூடி அடிக்கச் சொன்னார்கள். நூற்றிருபது ரூபாய் ஆனது.