மாமா மோதின பாறை

இல்லண்ணே, உள்ள யாரும் விழல. அது கப்பல் பாறையில மோதின சத்தம். ஏன் ஸ்க்ரூட்ரைவரைக் கீழ போட்டுட்டீங்க? ரெண்டாவது மாடிக்கு எப்படிண்ணே கப்பல் வரும், அது ஸ்பீக்கர்லேர்ந்து வர்ற சத்தம். இதோட ஆறு தடவை மோதியாச்சு. நீங்க படியேறி வர்றதுக்குள்ளயே அஞ்சு.

பூட்டை மெதுவாவே பாருங்க, ஒண்ணும் அவசரம் இல்ல. அவசரம்னு போன்ல சொன்னது எங்க பிரின்சிபலா? அவர் அப்படித்தான், டீயையே நின்னுக்கிட்டுதான் குடிப்பாரு. உள்ள இருக்கற மெஷினுக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றதுன்னு குதிச்சிட்டு இப்பதான் கீழ போனாரு.

உள்ள இருக்கறது எங்க மாமனார். ஆமாண்ணே, என் வீட்டுக்காரரோட அப்பா. மத்தியானம் ரெண்டு மணிக்கு உள்ள போனவர் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில போட்டுக்கிட்டாரு. இன்னொரு சாவி இருக்கே, ஏன் இல்ல. உள்ள மேஜை டிராயர்ல பத்திரமா இருக்கு. பத்திரமா வெச்ச புத்திசாலி நான்தான்.

காரணமும் நான்தாண்ணே. காலையில பரீட்சையில அவரை ஃபெயில் ஆக்கிட்டேன்.

இல்ல, ஸ்கூல் பரீட்சை இல்ல. இது கப்பல் ஆபீஸருங்க வந்து படிக்கற இடம். முன்னல்லாம் கடல் மேப்பைப் பெரிய பேப்பரா விரிச்சு வெச்சு, பென்சில்ல கோடு போட்டுக்கிட்டு கப்பல் ஓட்டுவாங்க. இப்ப அதெல்லாம் ஸ்க்ரீன்ல வந்துடுச்சு. அந்த ஸ்க்ரீனை நம்பி எப்படி ஓட்டறது, எந்த இடத்துல நம்பக் கூடாது, அதைத்தான் உள்ள இருக்கற பொய்க் கப்பல் மெஷின்ல நான் சொல்லித் தரேன். அஞ்சு நாள் கிளாஸ், கடைசி நாள் பரீட்சை. அதுல பாஸான சர்டிஃபிகேட் இல்லாம யாரையும் கப்பல்ல ஏத்த மாட்டாங்க. எங்க மாமா முப்பது வருஷம் கடல்ல இருந்தவர், அதுல பதினாலு வருஷம் கேப்டன். அவருக்கும் அதே சட்டம்தான். நாலு வருஷமா வீட்ல இருந்தவரை இப்ப ஒரு கம்பெனி கூப்பிட்டிருக்கு. திங்கக்கிழமை கப்பல் கிளம்புது. நாளைக்கு ஒரே ஒரு மறுபரீட்சை. அதுலயும் கோட்டை விட்டாருன்னா வேற கேப்டன் ஏறிடுவாரு. அறுபத்திரண்டு வயசுல இன்னொரு தடவை யார் கூப்பிடப் போறாங்க, சொல்லுங்க.

நல்லா திட்டுவாரான்னா கேக்கறீங்க? திட்டினா பரவாயில்லையே. ஆறு வருஷமா சொந்தக்காரங்க கிட்டல்லாம் எங்க மருமக வீடியோ கேம் டீச்சர்னு சொல்லிட்டிருக்காரு. கல்யாண வீடு, ஆஸ்பத்திரி வராந்தா, எங்க பாத்தாலும் அதே பேச்சு. அந்த வீடியோ கேம் கிளாஸ்லயே வந்து உக்கார வேண்டியதாப் போச்சு பாருங்க, பாவம்.

முதல் நாள் என்னைப் பாத்து குட் மார்னிங் மேடம்னாரு. ரெண்டு மணி நேரம் முன்னாடிதான் ஹீட்டரை அணைக்கலைன்னு வீட்ல அந்தக் கத்து கத்தினாரு. நானும் கிளாஸ்ல சார், சார்னு ஒழுங்காத்தான் கூப்பிட்டேன். பதினோரு மணி வாக்குல வாய் தவறி, மாமா, மௌஸை அவ்வளவு அழுத்திப் பிடிக்காதீங்கன்னுட்டேன். அவ்வளவுதான். கூட இருந்த பதினோரு ஆபீஸரும் அன்னிலேர்ந்து மாமாங்கறாங்க. மாமா டீ வேணுமா, மாமா தள்ளி உக்காருங்க. அதுல ஒருத்தருக்கு அம்பத்தஞ்சு வயசு, தலை மொத்தமா நரைச்சுப் போச்சு, அவரும் மாமாங்கறாரு.

இருங்க, இப்ப வரும். கேட்டீங்களா? ஏழு.

அதே பாறைதாண்ணே. அதை அங்க போட்டு வெச்சதே நான்தான். மொத்தக் கடலும் ஒரே ஸ்க்ரீன்ல தெரியறா மாதிரி தள்ளி வெச்சுப் பாத்தா அது கண்ணுல படாது. கிட்ட இழுத்துப் பாத்தாத்தான் தெரியும். ஆனா அனுபவஸ்தருங்களுக்கு மொத்தக் கடலையும் பாத்தாத்தான் மனசு ஆறும். சரி, கண்ணுக்குத்தான் தெரியல, மெஷின் சும்மாவா இருக்கு? முன்னாடி ஆழம் பத்தாதுன்னு பீப் பீப்னு கத்தும், ஸ்க்ரீன்ல எழுதியும் காட்டும். அதைப் படிக்கணும்ல? படிக்கவே மாட்டாங்க. கொசு அடிக்கற மாதிரி கை தானாப் போயி பட்டனை அமுக்கிடும். சத்தம் நின்னா ஆபத்தும் நின்னுடுச்சுன்னு ஒரு நெனப்பு.

மாமா வீட்லயும் அப்படித்தான். ஃபிரிட்ஜ் கதவு சரியா மூடலைன்னு கத்தினா ஒரு தட்டு, வாஷிங் மெஷின் கத்தினா ஒரு அமுக்கு. நான் ஏதாவது சொல்ல வந்தா உம்னு ஒரு சத்தம், அதுதான் எனக்கு வெச்சிருக்கற பட்டன்.

இன்னிக்குப் பரீட்சையில பதினேழு தடவை அமுக்கினாரு, நான் பின்னாடி நின்னு எண்ணினேன். பதினேழாவது முடிஞ்சதும் டொம்னு ஒரு சத்தம். எழுந்து நின்னு, அந்த இடத்துல பாறையே கிடையாது, நான் இருபது தடவை போன வழின்னாரு. இருந்துச்சு சார், நீங்க தள்ளி வெச்சுப் பாத்தீங்கன்னேன். ஃபெயில்னு எழுதறப்போ பேனா எழுதலைன்னு ரெண்டு தடவை உதறினேன். பேனா நல்லாத்தாண்ணே இருந்துச்சு.

பிரின்சிபல் தனியாக் கூப்பிட்டு, வீட்டுப் பெரியவர்மா, பாஸ் போட்டுடு, கப்பல்ல போயி அவரே கத்துப்பாருங்கறாரு. கப்பல்ல கத்துக்கறதுக்கு அங்க இருக்கறது ஸ்பீக்கர் பாறையா? முடியாதுன்னுட்டேன். சரி, மெயின் ஸ்விட்சையாவது அணைங்கறாரு. அதுவும் முடியாதுன்னேன். அதுக்கப்புறம்தான் உங்களுக்குப் போன் போட்டாரு. வீட்டுக்காரருக்கு நான் போன் போட்டேன். எங்கப்பாவையா ஃபெயில் ஆக்கினன்னு கேட்டு மூச்சு முட்டச் சிரிச்சாரு. சிரிச்சு முடிச்சிட்டு, இன்னிக்கு ஆபீஸ்ல நெறைய வேலை, வர லேட்டாகும்னு வெச்சுட்டாரு. அப்பாவைப் பாக்கப் பயம்.

என்னண்ணே அப்படிப் பாக்கறீங்க? நானும்தான் சிரிச்சிட்டிருக்கேன், தெரியுது. காலையிலேர்ந்து இப்படித்தான், நிக்கவே மாட்டேங்குது. அந்த மனுஷன் ரெண்டரை மணி நேரமா உள்ள உக்காந்து, மோதி, மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிச்சு, மறுபடி மோதி... யாரும் சொல்லாம அவராவே பண்றாருண்ணே. கதவைப் பூட்டினது கோவத்துல இல்ல. மோதறதை யாரும் பாக்கக் கூடாதுன்னு.

ஐயோ, கையை எடுங்க, ஒரு நிமிஷம். பீப் கேக்குதா? நிக்கல பாருங்க. அமுக்கலண்ணே அவரு, அமுக்கல. கதவுல காதை வெச்சுக் கேளுங்க. முன்னாடி... ஆழம்... பத்தாது. வாய் விட்டுப் படிக்கறாரு. சரி, சரி, கத்தாத, படிக்கறேன் இருங்கறாரு மெஷின்கிட்ட. இந்த மாதிரி ஒரு நாளாவது என்கிட்ட சொல்லியிருக்காரா.

இப்ப இன்ஜின் சத்தம் இறங்குது, வேகத்தைக் குறைக்கறாரு. மௌஸ் சத்தம் வருது, கிட்ட இழுத்துப் பாக்கறாரு போலருக்கு. இந்நேரம் மோதியிருக்கணும்ணே. மோதல. தாண்டிட்டாரு. பாறையைத் தாண்டிட்டாருண்ணே.

இல்லண்ணே, தொறக்காதீங்க. ஸ்க்ரூட்ரைவரைப் பைக்குள்ள போடுங்க. அவரே சாவி போட்டுத் தொறந்து, ஒண்ணும் நடக்காத மாதிரி வெளிய வரட்டும். நானும் நீங்களும் இங்க இல்லவே இல்ல. கீழ போயி டீ குடிக்கலாம், வாங்க. பிரின்சிபல் கேட்டா பூட்டு ரொம்பப் பழசு, லேசுல அசையலைன்னு சொல்லிடுங்க. இவ்வளவு நேரம் உங்ககிட்ட வளவளன்னு பேசினதே வேலை நடக்கக் கூடாதுன்னுதான், கோச்சுக்காதீங்க.

நாளைக்குக் கண்டிப்பா பாஸ் ஆயிடுவாருண்ணே. ஆகியே ஆகணும். கல்யாணத்துக்கு முன்னாடி நானும் கப்பல்லதான் இருந்தேன், செகண்ட் ஆபீஸரா, இந்தக் கடல் மேப்பெல்லாம் பாக்கற வேலை. காலையில பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னாடி அந்தக் கம்பெனிலேர்ந்து எனக்கும் ஒரு லெட்டர் வந்துச்சு. மாமா ஏறப்போற அதே கப்பல், எனக்கு என் பழைய வேலை, திங்கக்கிழமை வந்து சேரச் சொல்லி. நான் யாரையும் கேக்கல. கேப்டன் கேட்டுக்கிட்டதால உங்களை எடுக்கறோம்னு அதுல எழுதியிருக்கு. வீட்ல அவர் வாயே தொறக்கல, பாருங்க. அதை ரெண்டு தடவை படிச்சேன், கண்ணைத் தொடைச்சிக்கிட்டேன், நேரா கிளாசுக்குப் போயி அவரை ஃபெயில் ஆக்கினேன். அவர் மேல் தளத்துல நின்னு கப்பலை ஓட்டறப்போ, கீழ படுத்துத் தூங்கப் போறது நான்தானேண்ணே.