தூள்

பேருந்தில் நான் ஜன்னலோரம் உட்காருவதில்லை. பின்னால் ஏறுகிற யாருக்காவது அந்த இடம் வேண்டியிருக்கலாம். இருபத்தாறு வருடமாக இப்படித்தான் வேலைக்குப் போய்வந்தேன். என்னைப் பற்றித் தெரிந்துகொள்ள இதுவே போதும் என்று நினைத்தேன். விசாரணை அதிகாரிக்குப் போதவில்லை.

கத்திக்கான எஃகு செய்யும் ஆலையில் நான் சோதனையாளன். துருப்பிடிக்காத புது எஃகுகளை அங்கே தூளிலிருந்து செய்கிறோம். உருகிய எஃகு மெல்லிய தாரையாக விழும்போது வாயுவை வேகமாகப் பாய்ச்சினால், அது சிதறி நொடியில் குளிர்ந்து மணலைவிட நைசான தூளாகிவிடும். அந்தத் தூளை உலோக டப்பாவில் அடைத்து, காற்றை உறிஞ்சி, மூடி வெல்டிங் வைத்து, சூட்டோடு எல்லாப் பக்கமும் அழுத்தினால் மறுபடி கெட்டி எஃகு. எதற்கு இந்தச் சுற்றுவழி என்றால், இப்படிச் செய்யும்போது உள்ளே இருக்கும் கடினமான துகள்கள் ஓரிடத்தில் திரளாமல் சீராகப் பரவி நிற்கும். கூர் நெடுநாள் மழுங்காது. ஆனால் கடினத்தை ஏற்றிக்கொண்டே போனால் எஃகு பீங்கான்போல் ஆகிவிடும். எங்கே நிறுத்துவது என்று சொல்வதுதான் என் வேலை.

ஊசல்போல் ஆடிவரும் சம்மட்டியால் மாதிரித் துண்டை அடிப்பேன். எவ்வளவு தாங்கியது என்ற எண்ணைப் பதிவேட்டில் ஒரு பத்தியில் எழுதுவேன். அடுத்த பத்தியில் ஒரே ஒரு சொல். வளைந்தால் ‘வளைவு’. இரண்டாக உடைந்தால் ‘ரெண்டு’. சில்லுச் சில்லாகத் தெறித்தால் ‘தூள்’.

கலவைகளை வகுத்தவர் ஒரு பெண் பொறியாளர். என்னைவிட இருபது வயது இளையவர். அவர் என்னை அண்ணே என்பார், நான் அவரை மேடம் என்பேன். என் கண் மங்குவதை என் மனைவிக்கு முன்பே கவனித்து, கூட்டிக்கொண்டு போய்க் கண்ணாடி வாங்கித் தந்தவர் அவர்தான். ஏழு வருடத்தில் பதினாறு கலவைகளைச் செய்து பார்த்தார். ஒன்று துருப்பிடித்தது, ஒன்று மழுங்கியது, ஒன்றைத் தீட்டவே முடியவில்லை. “என்னம்மா, இந்தத் தடவையாச்சும் வெண்ணெய வெட்டுமா?” என்று மேலாளர் எல்லோர் முன்னாலும் கேட்பார். பதினேழாவதும் தவறினால் பிரிவையே மூடிவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

பதினேழாவது தெறித்தது; மேடத்தின் கலவைகளில் அப்படித் தெறித்தது அதுதான் முதல். ‘தூள்’ என்று எழுதிவிட்டு, எண்ணை எழுதுவதற்கு முன் கண்ணாடியைத் துடைத்துவரப் போனேன். திரும்பியபோது மேடம் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது.

“அண்ணே, இத்தனை வருஷத்துல ஒரு ஸ்டீலப் பாத்து நல்லாருக்குன்னு நீங்க சொன்னதே இல்ல. தூள்னு எழுதிட்டீங்களே.”

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் தன் அப்பாவுக்குப் போன் போட்டு, பதினேழாவது தூள் என்று சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் ஒரு வயதானவர் வாய்விட்டுச் சிரிப்பது எனக்கே கேட்டது. அந்தச் சிரிப்பை நிறுத்த யாருக்கு மனம் வரும்? மேடம் போன பிறகு எண்ணை நிரப்பினேன். சொல்லுக்குப் பொருத்தமான எண்ணாகப் பார்த்துப் போட்டேன்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் என் எண்ணைப் பார்த்து அவருக்குத் துணிச்சல் வந்துவிட்டது. இவ்வளவு தாங்குகிறதே, கடினத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றலாம் என்றார். பதினெட்டாவதைச் சம்மட்டி தொடவே இல்லை. பொருத்தும்போது நான் இருமினேன், உடைந்துவிட்டது. ‘தூள்’ என்று எழுதினேன். பத்தொன்பதாவது மேசையிலிருந்து உருண்டு விழுந்தது. விளக்குமாறு கொண்டுவந்து கூட்டி அள்ள வேண்டியிருந்தது. ‘தூளோ தூள்’ என்று எழுதினேன். அந்தப் பத்தியில் நான் ஒரு பொய்யும் எழுதவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மேலாளர் நேரில் பார்க்க வந்த அன்று மட்டும் பழைய எஃகுத் துண்டு ஒன்றைப் பொருத்தினேன். அது பணிவாக வளைந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். மேடம் என் காலைத் தொட வந்தார், நான் தடுத்துவிட்டேன். அவ்வளவு மரியாதைக்கு நான் தகுதியானவன் இல்லை.

சில்லுகளைக் குப்பையில் போட மனம் வரவில்லை. கண்ணாடிக் குப்பிகளில் போட்டு, எண் எழுதி ஒட்டி, ஒவ்வொன்றுக்காகவும் இரண்டு நிமிடம் பிரார்த்தித்து, என் அலமாரியில் வைத்தேன்.

முதல் கத்திகள் ஒரு பெரிய மருத்துவமனையின் சமையலறைக்குப் போயின. விளிம்பு தெறிப்பது வெட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு சிறிய சில்லு. பதினான்கு நோயாளிகளின் வயிற்றிலிருந்து எடுத்தார்கள். மூன்று வாரம் உள்ளே கிடந்தும் ஒரு துளித் துரு இல்லையாம், பளபளவென்று இருந்ததாம். அந்த விஷயத்தில் மேடத்தின் கணக்கு சரியாகவே இருந்தது. பதின்மூன்று பேருக்கும் ஆப்பிள் நறுக்கி எடுத்துப்போனேன். வீட்டிலிருந்த பழைய கத்தியால்தான் நறுக்கினேன். பதினான்காமவர் வீட்டுக்குப் பூக்கள் கொண்டுபோனேன். அவருடைய மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்களாவது வந்தீங்களே” என்றாள்.

மறுநாள் மேடம் சோதனை அறைக்கு வந்தார். இரண்டு நாளாகத் தூங்காத முகம்.

“அண்ணே, ஒரே ஒரு தடவையாவது உடைஞ்சுதா? மறைக்காம சொல்லுங்க.”

அந்த நிலையில் இருப்பவரிடம் எப்படிச் சொல்வது? “எப்பவும் தூள்தான் மேடம்” என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டு போனார். தவறு தன் கணக்கில்தான் என்று எழுதிக் கொடுத்தார். அவரைக் காவலில் வைத்தார்கள். பன்னிரண்டு நாளும் நான்தான் சாப்பாடு கட்டிக்கொண்டு போனேன். காரம் ஆகாது அவருக்கு.

பிறகு நானாகவே முன்வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அதற்குள் அவர்கள் என் அலமாரியைத் திறந்திருந்தார்கள்.

அதிகாரி நல்ல மனிதர். மணிக்கட்டில் சுளுக்கு, துணி சுற்றியிருந்தார். அப்படியும் ஐந்து பக்கம் கையாலேயே எழுதினார். நடுவில் இரண்டு முறை எனக்கு டீ வரவழைத்தார். துண்டுகள் உடைந்தது எனக்குத் தெரியும், மேடத்துக்குத் தெரியாது என்று தெளிவாகத்தான் சொன்னேன். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். கடைசிப் பக்கத்தில், ‘உடைந்தது மேடத்துக்குத் தெரியும், எனக்குத் தெரியாது’ என்று எழுதியிருந்தார். களைப்பில் மாறிவிட்டிருக்கிறது. இரண்டு முறை படித்தேன். மேடம் வாங்கித் தந்த கண்ணாடி. எழுத்து துல்லியமாகத் தெரிந்தது.

ஒரு அடித்தல் திருத்தல் இல்லாத பக்கம் அது. அவர் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை எழுதச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

“எல்லாம் சரியா இருக்கா பெரியவரே?” என்று கேட்டார்.

“தூள், சார்” என்றேன்.