கல்லறைத் திருநாளில் எடுத்த படம்

டீ நன்றாகத்தான் இருக்கிறது சார், சர்க்கரைதான் கொஞ்சம் ஜாஸ்தி. பரவாயில்லை, நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் தில்லைநாதன். சிதம்பரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அது சோற்றுக்கு. ஊரில் நாலு பேர் என்னைத் தெரிந்து வைத்திருப்பது ‘நம்ம மாவட்டத்து முகங்கள்’ என்ற ஃபேஸ்புக் பக்கத்தால். கடலூர் மாவட்டத்தில் பிறந்து பேர் வாங்கியவர்களைப் பற்றி அதில் எழுதுவேன். கபடி வீரர், நடிகர், கலெக்டர் ஆனவர், டிவியில் பேசுகிறவர் என்று யாரையும் விட்டதில்லை. படிப்பு, பரிசு எல்லாம் எழுதிவிட்டுக் கடைசி வரியில் ‘பூர்வீகம்’ என்று போட்டு, அவர் எந்த மதம், என்ன ஆளுங்க என்று சேர்த்துவிடுவேன்.

அதை ஏன் எழுதினாய் என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். படிக்கிறவர்கள் கேட்கிறார்கள், எழுதினேன். யாரோ ஒருத்தர் மெடல் வாங்கினார் என்று போட்டால் முதல் கமெண்ட் வாழ்த்து, அடுத்தது ‘என்ன ஆளுங்க?’ கேட்கிறவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஜெயித்தவர் நம்ம ஆளாக இருந்தால் நாமும் கொஞ்சம் ஜெயித்த மாதிரி. நம்ம ஆள் இல்லையென்றால் நாம் ஜெயிக்காமல் போனதற்கு ஒரு காரணம் கிடைத்த மாதிரி. இரண்டிலும் ஒரு நிம்மதி இருக்கிறது. திருவதிகையில் அப்பர் சுவாமி கதை சொல்கிறவர்கள்கூட, அவர் முன்பு சமணத்தில் இருந்தவர் என்று சொல்லாமல் விடுவதில்லை. ஆயிரம் வருஷம் தாண்டியும் நமக்கு அது மறக்கவில்லை. ஏன், நீங்களே உள்ளே வந்ததும் முதலில் என் நெற்றியைத்தான் பார்த்தீர்கள். தப்பாகச் சொல்லவில்லை.

நேராகக் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். குலதெய்வம் எது என்று கேட்பேன். கல்யாணப் பத்திரிகை கிடைத்தால் தாய்மாமன் பெயரைப் பார்ப்பேன். அப்பா வழியை மாற்றிச் சொல்லிவிடலாம், தாய்மாமன் பெயர் காட்டிக் கொடுத்துவிடும். என் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் கிடையாது. அதை அப்புறம் சொல்கிறேன்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் அன்று கடலூருக்குப் போய்விடுவேன். கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே வண்டியை நிறுத்திக்கொண்டு, மதிலோரமாக நிற்பேன். ஜனங்கள் சமாதிகளைக் கழுவி, வெள்ளையடித்து, சாமந்தி மாலை போட்டு மெழுகுவத்தி ஏற்றுவார்கள். வருஷம் முழுக்கத் திருநீறு பூசித் திரிகிறவர்கூட அன்றைக்குத் தாத்தாவைப் பார்க்க வந்துவிடுவார். வெளியே நின்றபடியே ஜூம் பண்ணிப் படம் எடுத்துக்கொள்வேன். உள்ளே மட்டும் போக மாட்டேன்.

இந்தத் தடவை சிந்துஜா வந்தாள். உங்களுக்கே தெரிந்திருக்கும், தேவாரம் பாடி டிவியில் பரிசு வாங்கிய பெண். காடாம்புலியூரில் முந்திரித் தோப்பு வைத்திருக்கிற குடும்பம். மார்கழியில் எங்கள் விழாவில் பாட அவளைக் கூப்பிட்டிருந்தோம். விழாக் குழுவில் நானும் ஒருத்தன். நல்ல குரல் சார், கேட்டு நானே அழுதிருக்கிறேன். அவள் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, ஒரு சமாதி முன்னால் மண்டியிட்டு மெழுகுவத்தி ஏற்றினாள். எடுத்தேன். அன்று சாயங்காலமே போட்டேன். வைகிற மாதிரி ஒரு வார்த்தை எழுதவில்லை. படமும், ‘பூர்வீகம்: கிறிஸ்தவம்’ என்ற ஒரு வரியும், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஜனங்கள் செய்தது. வேஷக்காரி என்றார்கள். அவர்கள் வீட்டு வாசலில் சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். எங்கள் குழு அவள் பெயரை எடுத்துவிட்டது, நானும் கை தூக்கினேன். அவள் அழுதுகொண்டே ஒரு வீடியோ போட்டாள். “நாங்க இந்துதாங்க. ஆனா அதுக்காக இதைச் சொல்லல. அது எனக்குப் பாட்டுச் சொல்லிக் குடுத்த டீச்சர் சமாதிங்க” என்றாள். யாரும் நம்பவில்லை. ‘டீச்சருக்கெல்லாம் யாரும்மா மெழுகுவத்தி ஏத்துவா? ரத்த சொந்தம்னாதான் அங்க போவாங்க’ என்று நானே ஒரு கமெண்ட் போட்டேன். அதற்கு நிறைய லைக் விழுந்தது.

அப்புறம் தேவசகாயம் போன் செய்தார். கடலூர் முதுநகர்க்காரர். சிப்காட் பக்கம் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர்.

“தில்லை, அந்தப் படத்தைப் பெருசாக்கிப் பார்த்தியா?”

“பார்த்தேன்.”

“கல்லுல இருக்கிற பேரைப் பார்த்தியா? அது ராசம்மா சமாதிடா. ஒன் அம்மா.”

என் அம்மா கடலூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள் சார். டீச்சராக இருந்தாள். அப்பா தங்கராசுவைக் கட்டிக்கொண்டு சிதம்பரம் வந்தபோது, எங்கள் ஆளுங்கதான் என்று அப்பா சொல்லி வைத்துவிட்டார். ராசம்மாள் என்ற பெயர் இரண்டு பக்கமும் பொருந்துகிற பெயர், வசதியாகப் போயிற்று. அப்பா போன பிறகு அம்மா காடாம்புலியூர்ப் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு, தன் அண்ணன் வீட்டுக்கே போய்விட்டாள். அங்கேயே செத்தாள், அங்கேயே புதைத்தார்கள். அன்றைக்கும் நான் மதிலுக்கு வெளியேதான் நின்றேன். சிதம்பரத்தில் கேட்டவர்களிடம் கடலூரிலேயே தகனம் செய்துவிட்டோம் என்றேன். பிறகு தேவசகாயம் அங்கே கல் வைத்தது எனக்குத் தெரியாது. சிந்துஜாவுக்கு முதல் தேவாரத்தைச் சொல்லிக் கொடுத்தது அம்மாதானாம். அதையும் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

“அந்தப் பொண்ணு சோறு தண்ணி இல்லாம கெடக்குது. நீயே உண்மையைப் போட்டுடு. இல்லேன்னா ஒங்க கமிட்டிக்காரவுங்ககிட்ட நான் வந்து சொல்லிடுறேன்” என்றார். மிரட்டவில்லை. கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னார்.

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. படத்தை எடுத்துவிட்டால் ஏன் எடுத்தாய் என்பார்கள். டீச்சர் சமாதிதான் என்று ஒத்துக்கொண்டால் எந்த டீச்சர் என்பார்கள். ஏற்கெனவே ஒருத்தன் ‘அட்மின் என்ன ஆளுங்க?’ என்று கேட்டு, ‘பரம்பரைச் சைவக் குடும்பம்’ என்று நான் பதில் போட்டிருந்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் அம்மா நின்றுகொண்டிருந்தாள். பயமாக இருந்தது சார்.

“நீங்க பஸ்ல அலைய வேணாம், கமிட்டிக்கு நானே வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்” என்று சொன்னேன். சந்தோஷப்பட்டார். வண்டியில் பின்னால் உட்கார்ந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். சின்ன வயதில் நான் அம்மா மாதிரியே பாடுவேன் என்று ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். ஆலப்பாக்கம் தாண்டிப் புதுச்சத்திரம் வரும்போது, “தில்லை, நிறுத்துப்பா, நெஞ்சை அடைக்குது” என்றார். ஒரு புளியமரத்தடியில் உட்கார வைத்தேன். அவருக்கு இதய நோய் உண்டு, எனக்குத் தெரியும். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை மஞ்சப்பையில் இருக்கிறது, எடு என்றார். இருந்தது. எடுத்து என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

“பையில காணோமே” என்றேன்.

“நல்லாப் பாருப்பா.”

நன்றாகவே பார்த்தேன். பையைக் கவிழ்த்தும் காட்டினேன்.

“வூட்லயே வச்சிட்டேன் போல. ஒனக்குத்தான் தொந்தரவு” என்றார்.

பக்கத்தில் இளநீர் விற்கிற பெண் தண்ணீர் கொண்டு ஓடி வந்தாள். ஆம்புலன்சுக்குப் போன் போடப் போனாள். நான் போட்டுவிட்டேன், வந்துகொண்டிருக்கிறது என்றேன். போடவில்லை.

“யாருங்க, ஒங்க சொந்தமா?” என்று கேட்டாள்.

“இல்லீங்க, லிஃப்ட் கேட்டு ஏறினவரு” என்றேன். அது அவர் காதில் விழுந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டார்.

கிளம்புவதற்கு முன் அவர் சிந்துஜாவுக்குப் போன் செய்து, தங்கச்சி மகன் கூட்டிக்கொண்டு வருகிறான் என்று சொல்லியிருக்கிறார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. அவள் சிதம்பரத்தில் காத்திருந்து பார்த்துவிட்டு ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தாள். மாத்திரையை நீங்கள் என் சட்டைப்பையிலிருந்தே எடுத்தீர்கள். அதைத் தூக்கிப் போட எனக்குத் தோன்றவில்லை.

மறைக்க ஒன்றும் இல்லை. மாத்திரை கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார். தெரிந்துதான் கொடுக்கவில்லை. கொன்றது நான்தான், எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். ஒரே ஒரு விஷயம் சார். இறந்தவர் எனக்குத் தாய்மாமன் என்று எழுதியிருக்கிறீர்களே, அது வேண்டுமா? நாளைக்குப் பேப்பரில் வந்துவிடும். நம்ம ஜனங்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா, ஒருத்தன் என்ன செய்தான் என்று பார்க்க மாட்டார்கள், என்ன ஆளுங்க என்றுதான் பார்ப்பார்கள். கொலைகாரன் என்று போட்டுக்கொள்ளட்டும். என் பூர்வீகம் அவர்களுக்கு எதற்கு சார்?